ஆசியுரைக்கு அடியில்

1

எழுதத் துணிந்தமைக்காக வாசகர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். இதுவரை நான் எழுதியவை அனைத்தும் விண்ணப்பங்களே. ஆகையால் இக்கதையின் முதல் வரைவும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிந்துவிட்டது. நடுவில் கதை இல்லை.

கதை பிறந்த இடத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1999இல், மைசூர் விஜயநகரில் ஒரு தனியார் பள்ளியின் கணினி ஆசிரியன் நான். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தாங்கள் எழுதுவதைத் தாங்களே இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்று அதை வலைப்பதிவு என்கிறார்கள். அன்று எனக்கு அதன் பெயர் தெரியாததால், நிர்வாகத்துக்கு அளித்த விண்ணப்பத்தில் 'இணையச் சுவர்ப் பத்திரிகை'* என்று எழுதினேன்.

* "எந்தச் சுவர்ரீ? போன மாசம்தானே டிஸ்டெம்பர் அடிச்சோம்!" என்றார், எதற்கும் கன்னட 'ரீ' சேர்த்துப் பேசும் தலைமையாசிரியை மீனாக்ஷி.

2

இரண்டாவது தொடக்கம்: 'சாமுண்டி மலையைக் கருமேகங்கள் சூழ்ந்த ஒரு மாலையில்'

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

மூன்றாவது தொடக்கம், தாரணி. என் மாணவி. அவள் தந்தை சந்திரன் கொள்ளேகால்காரர்; சொந்த வீடு கட்டுவதற்காக மஸ்கட்டுக்கு எலெக்ட்ரீஷியனாகப் போனவர். அம்மாதத்துடன் அவருடைய ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. மேலும் இரண்டாண்டுகளுக்குக் கையெழுத்திட இருந்தார். வீடு வேண்டாம், அப்பா திரும்பி வந்தால் போதும் என்று தாரணி அவரிடம் சொல்ல விரும்பினாள்.

"போன்ல சொல்லலாமேம்மா?" என்றேன்.

"போன் எதிர்வீட்டுல இருக்குதுங்க சார். டிவிய நிறுத்திட்டு நாங்க பேசறதத்தான் கேப்பாங்க."

"லெட்டர் போடலாமே?"

"அம்மா படிச்சுப் பாக்கும். 'அந்த மனுசன அழ வெக்காதடி'ன்னு கிழிச்சுப் போட்டுரும்."

"இன்டர்நெட்ல போட்டா உலகமே படிக்குமேம்மா!"

"உலகம் எங்க தெருவுல இல்லீங்களே சார்."

(இந்த வாக்கியத்தை நானே புனைந்ததாகச் சொல்லிக்கொள்ளக் கை துடிக்கிறது. அவளுடையது.)

சந்திரனின் கம்பெனி அலுவலகத்தில் இணையம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் பார்த்துக்கொள்ள அனுமதித்திருந்தார்கள். மறுநாள் கையெழுத்து.

3

தாளாளர் யக்ஞநாராயணனை வில்லனாக்கினால் என் வேலை சுலபம். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஏனெனில் விண்ணப்பத்தைப் படித்ததும் அவர், "கொழந்தைகள் எழுதட்டுமே, நல்ல விஷயம்தானே!" என்று உடனே ஒப்புக்கொண்டார். நான் நன்றியுரைக்காகத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"நம்ம ஆண்டு மலர் மாதிரியே பண்ணிடுங்கோ. மொதல்ல என்னோட ஆசியுரை, அப்புறம் மேடம் ஆசியுரை. அதுக்கப்புறம் கொழந்தைகள்."

"ஐயா, மாணவர் பக்கத்துக்குப் போகிற பொத்தான் மட்டும் மேலேயே இருந்தால்..."

"ஏன்ரீ சேகரன், சும்னே எதுக்கு வம்பு?" என்றார் மீனாக்ஷி மேடம். "பசங்க மேலே, பெரியவா ஆசி கீழேயா? சொல்லுங்கோ நீங்களே."

"தங்கள் சித்தம்," என்றேன். (ஆம், அதே சொல். 1999இல்.)

தாளாளர் ஸ்டூடியோவுக்குப் போய், ஜரிகை வைத்த மைசூர் பேட்டாத் தலைப்பாகையைத் தரித்துப் புதிதாக வண்ணப்படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஆசியுரையை அச்சடிக்க வேண்டாம், தம் கையெழுத்திலேயே போனால்தான் பிள்ளைகளுக்குப் பெருமை என்றார். அதையும் படமாக்கி ஏற்றினேன். மேடத்தின் படம் அதற்கடுத்து. 'மாணவர் பக்கம்' என்ற பொத்தான் எல்லாவற்றுக்கும் அடியில்.

தொலைபேசிக் கம்பி வழியே வரும் அந்நாளைய இணையம் படங்களை மேலிருந்து கீழாக, கோடு கோடாகத்தான் இறக்கும் என்பதை இளைய வாசகர்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4

திங்கட்கிழமை.

"அப்பா பாத்தாராம்மா?"

"அரைமணி நேரமும் பாத்தாராமுங்க சார்."

"எழுதினதைப் படிச்சாரா?"

"மொதல்ல ஒரு தலப்பா வந்துச்சாம். அப்புறம் நெத்தி. மூக்கு வர்றதுக்குள்ள டைம் ஆயிருச்சுன்னு எந்திரிக்கச் சொல்லிட்டாங்களாம்." டெஸ்க்கிலிருந்த நோட்டை மூடினாள். "ஸ்கூல்ல யாருக்குக் கண்ணு கல்யாணம்னு போன்ல கேட்டாருங்க சார்."

"நீ என்ன சொன்னே?"

"எதிர்வீட்டு ஆன்ட்டி பக்கத்துலயே நின்னாங்க. கரஸ்பாண்டென்ட் சாரு அதுன்னு மட்டும் சொன்னேன்."

5

முடிவு அ: மூக்கு வருகிறது. பொத்தானும் வருகிறது. சந்திரன் படிக்கிறார். படித்துவிட்டு என்ன செய்தார் என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. படித்த பிறகும் அவர் கையெழுத்திட்டிருக்கலாம். ஏனெனில் வீடு என்பது ஒரு மனிதனுக்கு

(இவ்வாக்கியத்தை முடிக்கும் தகுதி எனக்கில்லை. வாடகை வீட்டுக்காரன்.)

முடிவு ஆ: சேகரன் என்னும் துணிச்சல்மிக்க ஆசிரியர், யாருக்கும் தெரியாமல் பொத்தானை மேலே தூக்கி வைத்து... தாங்கள் சிரிப்பது கேட்கிறது.

முடிவைத் தங்களிடமே ஒப்படைக்கலாம் என்றும் எண்ணினேன். ஆனால் பணம் கொடுத்துப் புத்தகம் வாங்கியவரிடம் வேலையும் வாங்குவது முறையன்று. ஆகவே முடிவு எழுதாமல், இழந்தவற்றை மட்டும் எழுதி வைக்கிறேன்.

சந்திரனின் அரைமணி நேரம்.

தாரணி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிய ஒன்றரைப் பக்கம். இலவசமாக இடம் தந்த தளம் மூடப்பட்டபோது அதுவும் போயிற்று. என்னிடம் பிரதி இல்லை.

அடுத்த இதழுக்கு அவள் எழுதியிருக்கக்கூடியது.

ஒரு பெண்ணுக்கு, பதினான்கு வயதிலிருந்து பதினாறு வயது வரை, அப்பா.