ஒரு சாண் மேலே

கோழி கைக்கு அகப்படவில்லை. புதைகுழிக்குக் குறுக்கே கைமாற்றித் தானமாகக் கொடுக்க வேண்டிய கோழி. செத்தவரின் ஆத்மாவுக்கு முன்னால் ஓடி முள்ளைக் கிளறி வழி உண்டாக்குமாம். அது சவேத்தா சித்தியின் சவப்பெட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தாமலே காலை நகர்த்திக்கொண்டார். இலிங்கா முட்டி போட்டுத் துழாவினாள்.

கோழியைத் தேர்ந்தெடுத்தவள் சித்தியின் நாத்தனார் பராஸ்கீவா. முட்டையிடுகிற கோழியை எந்த மடச்சியாவது தானம் கொடுப்பாளா என்று, முட்டையிடாத ஒன்றாகப் பார்த்துப் பிடித்து வந்திருந்தாள். சித்திக்குப் பிள்ளையில்லை என்பதை ஊரே மறந்தாலும் அவள் மறக்க விடமாட்டாள். பெட்டிக்குள் கிடப்பவளைக்கூட விடவில்லை, மகராசி.

சித்திக்கு வாழ்நாளெல்லாம் வைத்தியம்தான். மடத்து எண்ணெய், கஷாயம், நகரத்து ஊசி, எல்லாம் வயிற்றுக்கு. மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்றபோது மட்டும், பிள்ளையில்லாத ஏக்கம் என்று ஊர் சொல்லிவிட்டது. பாவி மனுஷி, அவளும் நம்பிவிட்டாள். இதயம் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டாராம்: பிள்ளை தங்காத பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயம் கெடுகிற வாய்ப்பு கொஞ்சம் அதிகம், யாரும் பார்க்கவில்லையா?

சித்தப்பா தோதெர் இதை இலிங்காவிடம் மட்டும் சொன்னார். கல்லறை மேட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். இலிங்காவுக்கும் பிள்ளையில்லை. அப்போதிருந்து அவளுக்கு அழுகையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

ஒருவழியாகக் கோழி அகப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்று பாதிரியார் கேட்டார். சித்தப்பா இலிங்காவைக் காட்டினார். பராஸ்கீவா குழிக்கு மேலே கோழியை நீட்டினாள். கண் மட்டும் இலிங்காவின் வயிற்றில் இருந்தது.

"சூப்பு வச்சுக் குடிடி. வயிறு திறக்கும்."

"ஒரு சாண் மேல பாருங்க அத்தை. அங்கதான் வலிக்குது."

பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்த வெட்டியான் சிரிப்பை அடக்க இருமினான்.

சாவு விருந்துக்கு அவள் நிற்கவில்லை. கறுப்பு உடையோடும் கோழியோடும் கிரயோவா நகரத்துக்குப் பஸ் ஏறினாள்.

இதய மருத்துவமனையில் நர்ஸ் கோழியைப் பார்த்தாள். அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாகத் தரையைப் பார்த்தே பதில் சொன்னவள் இலிங்கா.

"இல்ல. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பாத்தோம். அதையும் எழுதிக்குங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். சட்டையைத் தளர்த்திப் படுக்கச் சொன்னாள். இலிங்கா சுற்றிப் பார்த்தாள். வேறு வழி தெரியாமல், படுக்கைக்குக் குறுக்கே கோழியை நீட்டினாள். நர்ஸ் வாங்கிக்கொண்டாள்.