நண்டுக்காரி, மெதுவாக

எங்கள் பாண்ட் வாசிக்காத இடம் திருகோணமலையில் இல்லை. கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கடை திறப்பு, செத்த வீடு, எல்லாவற்றுக்கும் அதே ஆறு பேர், அதே சிவப்புக் கோட்டு. பாட்டுகளும் அதேதான். தொழில் இரகசியம், சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். எந்த ஹிட் பாட்டையும் நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஊதினால் அது செத்த வீட்டுப் பாட்டு. ஆட்கள் கண்ணைத் துடைப்பார்கள். புதிதாக இன்னொன்றைப் பழகுவதற்கு எங்களுக்கென்ன விசரா?

கனகசுந்தரம் அண்ணை செத்த மறுநாள் காலை அவருடைய மகள் பூரணி எனக்குப் போன் எடுத்தாள். அண்ணை துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். ஒஃபிஸ் ட்ரிப் என்றால் பஸ் வெளிக்கிட முதலே ஆடத் தொடங்கிவிடுகிற மனிதர்.

"சசி அண்ணை, அப்பாவுக்கு நண்டுக்காரி வாசிக்கோணும். ஆஸ்பத்திரியில என்ர கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினவர். பெட்டி படலை தாண்ட முதல் வாசிச்சுப்போடுங்கோ. பிறகு எனக்குக் கேக்காது."

எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். சுடலைக்குப் போவது ஆம்பிளைகள் மட்டும்தான்.

நண்டுக்காரிப் பாட்டைக் கேட்டதில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சந்தையில் நண்டு விற்கிற ஒருத்தியின் இடுப்பைப் பற்றி மூன்றரை நிமிசம். வேறு கருத்து எதுவும் அதில் கிடையாது. போன வருசம் முழுக்க டவுனில் ஓடிய அத்தனை ஓட்டோவிலும் அதுதான்.

சிக்கல் என்னவென்றால், அண்ணையின் தமையன் இரத்தினசிங்கம் சேர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், கோயில் பரிபாலனசபைத் தலைவர். சிரிப்பதற்கும் நேரசூசி வைத்திருக்கிறவர். செத்த வீட்டில் நான் ட்ரம்பெட்டை வெளியில் எடுக்க முதலே பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, சினிமாக் கூத்து ஒண்டும் வேண்டாம். பக்தியா ஏதும் வாசியும்."

"ஓம் சேர்" என்றேன். பயந்தாங்கொள்ளி என்று சொல்லுங்கள், பரவாயில்லை. அடுத்த மாதம் கோயில் திருவிழா அவர் கையில்தான் இருக்கிறது.

இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்க ஒரே வழி வேகத்தை இன்னும் குறைப்பதுதான். ட்ரம் அடிக்கிற ஸஜ்ஜாத்திடம் எட்டில் ஒரு பங்கு என்றேன். அவன் கிண்ணியாக்காரன். பள்ளிக்கூட மட்ச்சுகளில் ஆட்களை எழும்பி ஆடவைக்கிற பப்பரே அடித்துப் பழகிய கை.

"இந்த வேகத்தில அடிச்சா எனக்கு நித்திரை வரும் மச்சான்" என்றான்.

பெட்டியைத் தூக்கினார்கள். நான் ஊதினேன். நண்டுக்காரியின் இடுப்பு ஒவ்வொரு சுரமாக நீண்டு நீண்டு, கடைசியில் சிவலோகத்துக்கே போய்விட்டது. இரத்தினசிங்கம் சேர் முதலில் மூக்கை உறிஞ்சினார். படலைக்கு வரும்போது விம்மி விம்மி அழுதார்.

"என்ன உருக்கம்! எந்தக் கோயில் பாட்டு தம்பி இது?"

"பழசு சேர்" என்றேன். மறைப்பானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பூரணியைப் பார்த்தேன். படலையைப் பிடித்தபடி என்னையே முறைத்துக்கொண்டு நின்றாள். பெட்டி அவளைத் தாண்டிப் போய்விட்டது. அவளுக்குப் பாட்டு விளங்கவில்லை. பெரியப்பாவுக்கு ஒளித்ததை மகளுக்கும் சேர்த்து ஒளித்துவிட்டேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

சந்தியில் திரும்பும்போது பின்னால் பெண்களின் சத்தம். "பிள்ளை, நில்லு! போகக்கூடாது!" பூரணி வெறுங்காலோடு ஓடி வந்து என் முன்னால் நின்றாள். ஊர்வலமே நின்றது.

"ஏன் அண்ணை வாசிக்கேல்லை?"

"வாசிச்சுக்கொண்டுதான் வாறன், பிள்ளை."

"எதை?"

"நண்டுக்காரியை."

"இதுவோ நண்டுக்காரி? அப்பா எழும்பி வந்தாலும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்."

பிறகு நடுத்தெருவில், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, சரியான வேகத்தில் அவளே பாடத் தொடங்கினாள். குரல் உடைந்தது, ஆனாலும் இடுப்பு வருகிற வரியைக்கூட விடவில்லை. ஸஜ்ஜாத்தின் கை தன்பாட்டில் பப்பரே அடிக்கத் தொடங்கியது. பெட்டி தூக்கியவர்களின் காலும் சும்மா இருக்கவில்லை.

இரத்தினசிங்கம் சேர் என்னிடம் வந்தார். கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"நான் இவ்வளவு நேரமும் இதுக்கோ அழுதனான்?"

"ஓம் சேர்."

திருவிழா போய்விட்டது என்று நினைத்தேன். அவர் லேஞ்சியை எடுத்து ஒரு கன்னத்தைத் துடைத்தார், பிறகு மற்றதை. பெட்டியைப் பார்த்தார்.

"என்ர தாலிகட்டில கெட்டிமேளத்துக்கும் ஆடினவன் இவன்" என்றார். "ஒரு மாசம் நான் இவனோட கதைக்கேல்லை."

பூரணி பாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். ஏச்சு விழப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"றோட்டு சுடும், பிள்ளை. ஓரமா நட" என்றார் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளையின்ர வேகத்துக்கு வாசியும்."

நான் ஊதினேன். பூரணி சுடலை வரைக்கும் பாடிக்கொண்டு வந்தாள். அவளைத் திரும்பிப் போகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.