கை நீட்டிப் படித்த எண்

காலையில் பால் பொங்கி வரும் நேரத்தில் செல்வாம்பாள் எதையோ முணுமுணுப்பதை ஒரு வாரமாகக் கவனித்துவந்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் பெண்டாட்டி ஒரு சுலோகம் சொல்லி நான் கேட்டதில்லை. பூனை மாதிரி பின்னால் போய் நின்று காது கொடுத்தேன். சாமி பெயரும் இல்லை, பாட்டும் இல்லை. வெறும் எண்கள்.

"என்னாமே அது?"

"பேங்க் நம்பருங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மில் மூடியதிலிருந்து நான் வீட்டோடு. அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பென்ஷன் அவள் பேரில்தான் வருகிறது. வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டாம், செல்போனிலேயே கணக்கு பார்க்கலாம், பணம் அனுப்பலாம் என்று வங்கியில் புதிதாக ஒரு வசதி கொடுத்திருந்தார்கள். கொடுத்த பெண், "ரகசிய எண்ணை வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லாதீங்கம்மா" என்றாள். மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பார்கள். இவள் சத்தியமாகவே எடுத்துக்கொண்டாள். எண் மெசேஜில் வந்த அன்று என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டு, போனைக் கை நீட்டித் தூரப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எண்ணை இல்லை, அவளை.

படித்ததும் மனப்பாடம். எந்த வார்டிலிருந்து எத்தனை போர்வை வந்தது என்று சீட்டே இல்லாமல் சொன்னவள் அவள். ஆனால் போன் அந்த எண்ணை ஏற்கவில்லை. மூன்று முறை தப்பாகப் போட்டதும் பூட்டிக்கொண்டது. வங்கிக்குப் போய்ச் சொன்னதும் புது எண் ஒன்று மெசேஜில் வந்தது. அதுவும் இரண்டு முறை தப்பு. இன்னும் ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு போனைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள். எண்ணை முணுமுணுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"ஒரு தடவ என்கிட்ட காட்டேன்" என்றேன்.

"நம்பர் போனா போவுதுங்க." அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சி."

அதற்குமேல் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. என் மாமியார் தையல்நாயகி கடைசிக் காலத்தில் காப்பியில் உப்பைப் போட்டாள். பூக்காரிக்குப் பத்து ரூபாய்க்குப் பதில் நூறு ரூபாயை நீட்டினாள். பேத்தி போட்டோவைக் கையில் கொடுத்தால் வேறு யார் பெயரையோ சொன்னாள். புத்தி தடுமாறிவிட்டது என்று அடுப்படியையும் சுருக்குப் பையையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அவள் பேச்சும் குறைந்து போயிற்று. செல்வாம்பாள் அதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். என் மூக்குக் கண்ணாடிமேல் நானே உட்கார்ந்து அதன் காலை ஒடித்திருந்தேன். அவளையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். காந்தி வீதி நடைபாதையில் தார்ப்பாய் விரித்திருந்த கண்ணாடிக்காரர் எல்லாருக்கும் ஒரே கிழிந்த செய்தித்தாளைத்தான் படிக்கக் கொடுத்தார். எனக்கு ஒன்று பொருந்தியது. சும்மா நின்றவளிடம், "நீங்களும் போட்டுப் பாருங்கம்மா" என்றார்.

"எனக்கு எதுக்கு? அதோ அந்தக் கோடியில தொங்குற நைட்டியில என்னா பூ போட்டிருக்குன்னு சொல்லட்டுமா?"

"தூரம் தெரியும்மா. கிட்டத்துலதான் வெள்ளெழுத்து. சும்மா போடுங்க, காசா பணமா?"

போட்டாள். செய்தித்தாளை வாங்கவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்தாள். கை தன்னால் நீண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி முகத்துக்குக் கிட்டே வந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "இது எட்டு இல்லீங்க. மூணு."

ரகசியத்தில் ஒரு பங்கை எனக்குச் சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நான் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்துக் கடை பெல்ட்டுகளை விலை பேசுகிறவன்போல நின்றேன். முதுகுப் பக்கம் பொத்தான்கள் ஒவ்வொன்றாக அழுந்தும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. 

"கணக்க காட்டிடுச்சிங்க!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் மறக்கவே இல்ல. எட்டுன்னு படிச்சேன், எட்டுன்னே ஞாபகம் வச்சிருந்தேன்!" நடுவீதியில் நின்று சிரித்தாள், அழுதாள். கண்ணாடிக்காரர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். என் வாழ்நாளில் அது முதல் தடவை.

வீட்டுக்கு வந்தும் கண்ணாடியைக் கழற்றவில்லை. மாத்திரை அட்டையைப் படித்தாள். காலண்டரில் ராகுகாலம் படித்தாள். சமையலறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பதும் கழற்றிவிட்டுப் பார்ப்பதுமாக இருந்தாள்.

 பிறகு என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், சுவரிலிருந்து அவள் அம்மா படத்தைக் கழற்றினாள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. ஜமீன்தாரிணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று வீட்டில் எல்லாரும் சிரிக்கும் படம். முந்தானையால் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்து மடியில் வைத்துக் குனிந்தாள்.

படத்தில் தையல்நாயகி, கல்யாணப் பத்திரிகையைக் கை நீட்டித் தூரப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.