படத்தில் இருந்த மீன்

பழனியாண்டியின் தலைவலி இலங்கை மலையகத்தில் வட்டவளைப் பக்கம் பெயர் போனது. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் மகள் சுதர்ஷினி, ஊருக்கு வந்த தோழியிடம் அதற்கொரு சீன மருந்து கொடுத்தனுப்பியிருந்தாள். காய்ந்த வேர் வில்லைகள். பொட்டலத்தின் மேல் எழுத்தெல்லாம் சீனம். புரிந்தது ஒன்றே ஒன்று, ஒரு மீன் படம்.

மனைவி நாகலெட்சுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மீனு திங்கக் கூடாதாம். படமே போட்டுட்டான், சீனாக்காரன் வெவரமானவன்."

"குறுக்கக் கோடு ஒண்ணும் போடலையே புள்ள?"

"பத்தியம் இல்லாம எந்த ஊர்லங்க மருந்து இருக்கு?"

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த பொன்னையா, ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியைக் கூட்டிப் பெருக்கியவர். அந்தத் தகுதியில் படத்தை உற்றுப் பார்த்து, "கருவாடும் ஆகாதுண்ணே" என்றார். படத்தில் கருவாடு எங்கே என்று கேட்க ஆளில்லை.

மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையைப் பழனியாண்டி கண்டதே கிடையாது. இப்போது மூன்று ஞாயிறு பருப்பிலேயே கழிந்தன. மீன் வேனின் ஹோர்ன் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்து நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னையா வீட்டில் சாளை பொரியும்போது தலைவலி இரட்டிப்பானது. ஒரே ஒரு பொரித்த துண்டுக்காக அந்தத் தலையையே கழற்றிக் கொடுத்திருப்பார், பாவம்.

நான்காம் ஞாயிறு சுதர்ஷினி வீடியோவில் வந்தாள். "அப்பா, மருந்தை மீன் தலையோட போட்டுத்தானே அவிக்கிறீங்க? அதான் படமே இருக்கே?"

பழனியாண்டி மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

அவர் வேனுக்கு ஓடினார். முழுசாக ஒரு பாரை மீன் வாங்கி வந்தார். தலை வேரோடு சேர்ந்து வெந்தது. புளியில்லை, மிளகாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடுப்பில் மீதி மீன் மிளகாய்த்தூள் பூசிக்கொண்டு பொரிந்தது.

"அது உங்களுக்கில்ல" என்றாள் நாகலெட்சுமி. "மருந்துக்குத் தலை மட்டுந்தான். தலைவலி தீரட்டும், அப்புறம் பாப்போம்."

பழனியாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. மண்டை விண் விண்ணென்று தெறிக்கத் தெறிக்க, முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டார். "போயிருச்சு புள்ள! சுத்தமா இல்ல!"

நாகலெட்சுமிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "பாத்தீங்களா? மூணு வாரம் மீனை நிறுத்துனது வீண் போகல. இதை விட்டுறக் கூடாது. இன்னும் ஒரு மண்டலம் அப்படியே இருந்துருங்க."

பொரித்த மீனைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். நல்ல யோசனை சொன்ன பொன்னையாவுக்கு நன்றி சொல்ல வேண்டாமா?