பதினொன்று பத்துக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் எங்கள் துறைமுக நகரமான குவாயாகிலின் நடுவில், ஒரு மருந்துக் கடையில் ரத்த அழுத்த மாத்திரை கேட்டேன். கேட்டு முடிக்கவில்லை, பின்னால் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"ரேடியோல பேசுவீங்களே, நீங்கதானே? குரல் அப்படியே இருக்கு சார். அந்தத் தண்ணி விஷயத்துல புளுகின பொம்பளைய நாறடிச்சீங்களே, எங்க தெருவே கை தட்டுச்சு!"

நான் "நன்றி" என்றேன்.

கதை அந்த ஒரு சொல்லிலிருந்துதான் வந்தது. இருபத்தாறு வருடம் கழித்தும் என் வாயில் முதலில் வந்தது அதுதான். கூசிப்போய் மாத்திரையைக்கூட வாங்காமல் வெளியே வந்தேன்.

(இல்லை. வாங்கிக்கொண்டு, சில்லறையையும் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். வாங்காமல் வந்ததாக எழுதினால் நல்லவனாகத் தெரிவேன் என்று கை தானாகப் போய்விட்டது. இந்தக் கையை நீங்கள் கொஞ்சம் கவனித்துக்கொண்டே இருங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: "அந்த வருடம் காலராவும் செய்தியும் ஒன்றாக எங்கள் நகரத்துக்குள் நுழைந்தன." நல்ல வாக்கியம். ஆனால் பழியில் பாதியைக் காலராவின் மேல் போடுகிறது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "வில்மர் என்று ஓர் அறிவிப்பாளன் இருந்தான்." வில்மருக்கு மீசை வைத்தேன், குடிகாரத் தகப்பனைக் கொடுத்தேன், நோயாளி மனைவியையும் கொடுத்தேன். நாலு பக்கம் போனதும் யார் படித்தாலும் அவனை மன்னித்துவிடுவார்கள் போலிருந்தது. கிழித்துப் போட்டேன். அறிவிப்பாளன் நான்தான். என் அப்பா குடித்ததில்லை.

தொடக்கம் மூன்று:

எங்கள் நிலையத்தில் பத்து வருடமாகப் பாட்டு மட்டும்தான். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்று வரை நேயர் விருப்பம், என் பொறுப்பு. யாரிடமிருந்து, யாருக்கு, கடைசியில் வாசித்தவன் பெயர். இந்த வரிசை மாறக் கூடாது. வாசித்தவன் பெயர் எதற்கு என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "தப்பா வாசிச்சா யாரைத் திட்டறதுன்னு தெரிய வேண்டாமா?" என்று பழைய ஆட்கள் சிரித்தார்கள்.

நேயர்களில் ஒருவர் அல்சீரா அம்மாள் (பெயர் மாற்றப்பட்டுள்ளது). குவாஸ்மோ பகுதியில் துணி தைப்பவர். தினமும் மூலைக் கடையில் வரிசையில் நின்று தொலைபேசியில் கூப்பிடுவார். பதினொன்று பத்துக்குப் பொலேரோ என்கிற மெதுவான காதல் பாட்டு ஒன்று, மகன் நேசோருக்கு. நேசோர் ஒரு கடை உடைப்பு வழக்கில் சிறையில் இருந்தான். பார்க்க வரும் பெண்களைச் சிறை வாசலில் துணியைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். அதனால் அம்மாவை வரவே கூடாது என்று தடுத்துவிட்டான். "நீ வராத. ரேடியோல உன் பேரு வரட்டும். பேரு வந்தா நீ நல்லாருக்கேன்னு எடுத்துக்கறேன்," என்று சொல்லி அனுப்பினானாம்.

எந்தப் பாட்டு என்று கேட்டால் அல்சீரா சொல்வார்: "எதையாவது போடு தம்பி. பேரை மட்டும் தெளிவாச் சொல்லு. அங்க உள்ள சத்தம் ஜாஸ்தி."

3

மழைக்காலத்தின் நடுவில் ஒருநாள் மேலாளர் இன்ஜினியர் வாஷிங்டன் கிந்தே எல்லாரையும் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து பாட்டு கிடையாது, நாள் முழுக்கச் செய்தி. தலைநகரில் ஒரு நிலையம் அப்படி மாறிக் கொழிக்கிறதாம்.

"செய்திக்கு ஆளு வேணுமே இன்ஜினியர்?" என்றேன்.

"எதுக்குய்யா ஆளு? பாட்டு கேட்டு தினம் முந்நூறு பேரு கூப்பிடறான். பாட்டுக்குப் பதிலா நியூஸ் சொல்லச் சொல்லு. முந்நூறு நிருபர்! சம்பளமும் வேணாம், சோறும் வேணாம். ரேடியோல பேரைச் சொன்னா உயிரையே குடுப்பான்."*

(* செய்திக்குப் பின்னணியில் தட்டச்சு ஓசை கேட்க வேண்டும் என்றார். செய்தி அச்சடிக்கும் தந்தி இயந்திரம் எங்களிடம் இல்லை. காரியதரிசிப் பெண் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்து சுற்றவிட்டோம். அன்று அவள் தட்டிக்கொண்டிருந்தது இசைத்தட்டு அறைக்காரரின் பணிநீக்கக் கடிதம். நகரமே இரண்டு வருடம் அதைக் கேட்டது.)

நான் டை கட்ட ஆரம்பித்தேன். முப்பத்தைந்து டிகிரி வெயில், வானொலியில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் கட்டினேன். என் மாமனார் என்னைப் "பாட்டுப் போடற பையன்" என்பார். இனி நான் செய்தியாளன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

திங்கட்கிழமை, பதினோரு மணி.

"தம்பி, அல்சீரா பேசறேன். பதினொன்னு பத்துக்கு..."

"பாட்டு இல்லம்மா. இனிமே நியூஸ்தான். உங்க பக்கம் என்ன விசேஷம்?"

"இங்க என்ன விசேஷம்? ஒண்ணுமில்ல."

"ஏதாவது சொன்னாத்தாம்மா பேரைச் சொல்ல முடியும்."

கடைக்காரர் யாரையோ அதட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, "எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு. ஆறு," என்றார்.

பதினொன்று பத்துக்கு வாசித்தேன்: "குவாஸ்மோவில் தெருநாய்த் தொல்லை பெருகுகிறது. தகவல், எங்கள் நிருபர் அல்சீரா."

இரண்டு வாரம் இப்படியே போனது. சாய்ந்த மின்கம்பம், பழுதான பேருந்து, பள்ளிக்கூடச் சுவரில் தேனீக்கூடு. "தையலைப் போட்டுட்டு காலைலேருந்து நியூஸ் தேடி அலையறேன் தம்பி," என்றார் ஒருநாள். "பாழாப்போன தெரு, நேத்து ஒருத்தன்கூட சண்டை போடல."

4

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை. குவாஸ்மோவில் அப்போது குழாய் கிடையாது. தண்ணீர் லாரியில் வரும், வீட்டு வாசல் பீப்பாய்களில் ஊற்றிப் போவார்கள். காலரா நேரம், தண்ணீர் என்றாலே ஜனங்கள் பயந்தார்கள். அன்று பதினோரு மணிக்கு அல்சீரா கூப்பிட்டு, லாரிக்காரர்கள் ஆற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு வந்து விற்கிறார்கள் என்றார். பதினொன்று பத்துக்கு முதல் செய்தியாக அதை வாசித்தேன்.

பன்னிரண்டு மணிக்குள் குவாஸ்மோவில் சேகுந்தோ யாகுவால் என்பவரின் லாரி கல்லடி பட்டது. கண்ணாடி உடைந்து, நெற்றியில் ஏழு தையல். அவர் சுத்திகரிப்பு நிலையத்தில் நிரப்பிய சீட்டைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே அடி வாங்கினார். அதற்குப் பிறகு நாலு நாள் எந்த லாரியும் அந்தப் பக்கம் போகவில்லை. நாலு நாள், அந்த வெயிலில், தண்ணீர் இல்லை.

மேலாளர் வேர்த்துக் கொட்டினார். "யாருய்யா சொன்னது இதை?"

"ஒரு நேயர்."

"அப்ப அந்தம்மா தலையில கட்டு. நம்ம தலை தப்பணும்."

மாலை வாசித்தேன்: அல்சீரா என்ற நேயர் பொய்ச் செய்தி தந்து எங்களை ஏமாற்றிவிட்டார், அவர் பெயர் இனி இந்த அலைவரிசையில் ஒலிக்காது. ஒவ்வொரு மணியிலும் பத்தாவது, முப்பதாவது, ஐம்பதாவது நிமிடத்தில், மறுநாள் மதியம் வரை. அதாவது பதினொன்று பத்துக்கும். முழுப் பெயரையும் மிகத் தெளிவாகச் சொன்னேன். உள்ளே சத்தம் ஜாஸ்தி அல்லவா.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். மருந்துக் கடைப் பெரியவர் கை தட்டியது இதற்குத்தான்.

ஆனால் எழுதிப் பார்த்தபோது அல்சீரா என்ற பாத்திரம் இடிக்கிறது. நாய்க்குட்டிகளை எண்ணி "ஆறு" என்று சொன்ன பெண் அவர். தெருவில் சண்டை நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று சொன்ன பெண். அப்படிப்பட்டவர் மூன்றாம் வாரம் திடீரென்று ஏன்

வேண்டாம். பாத்திரப் படைப்பில் கோளாறு இல்லை. கையில்தான் கோளாறு.

5

அவர் சொன்னது இது:

"இன்னைக்கு லாரித் தண்ணி கொஞ்சம் மஞ்சளா இருக்கு தம்பி. டீத்தண்ணி மாதிரின்னுகூட சொல்ல முடியாது, அதுலயும் கம்மி."

"நாத்தம் அடிக்குதா?"

"இல்லியே."

"ஆத்துத் தண்ணியா இருக்குமோ?"

"அது எனக்கெப்படித் தெரியும்? மழைக்குக் கலங்கியிருக்கும். காய்ச்சினா சரியாப்போச்சு. இதையெல்லாம் போய் ரேடியோல சொல்லுவியா?"

"ஆத்துத் தண்ணியா இருக்கலாம்னு வச்சுக்கலாமா?"

"நீதானப்பா படிச்சவன். பேரைச் சொல்லிடு, என்ன?"

அன்று எனக்கு முதல் செய்தி அமையவில்லை. "இருக்கலாம்" என்பதை எழுதும்போதே விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். டையைச் சரிசெய்துகொண்டு ஒலிவாங்கி முன் உட்கார்ந்ததுகூட நினைவிருக்கிறது.

6

சனிக்கிழமை அல்சீரா நிலையத்துக்கு வந்தார். அதுதான் முதல் முறை. நான் காலியாகிவிட்ட இசைத்தட்டு அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். கதவிடுக்கு வழியாக அவரைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம். நல்ல உடுப்பு உடுத்தி, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பதினொன்று பத்துக்குச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். வேறு யாரோ பேருந்துக் கட்டணச் செய்தி வாசித்தார்கள். பன்னிரண்டுக்கு எழுந்து போனார்.

"நீங்க இல்லன்னு சொல்லிட்டேன்," என்றாள் காரியதரிசிப் பெண், என் முகத்தைப் பார்க்காமல். "இதை உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிச்சு."

ஒரு சோடா பாட்டில், வாயில் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தது. உள்ளே வியாழக்கிழமைத் தண்ணீர். ஊரே தாகத்தில் தவித்துக்கொண்டிருந்தபோதும் அதைக் குடிக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். லேசான மஞ்சள். டீத்தண்ணியைவிடக் கம்மி. அவர் மிகச் சரியாகச் சொல்லியிருந்தார்.

கை கழுவும் தொட்டியில் ஊற்றினேன். பாட்டிலைக் கழுவிக் காலி பாட்டில் பெட்டியில் செருகினேன்.

7

முடிவு அ: திங்கட்கிழமை பதினொன்று பத்துக்கு உண்மையைச் சொல்லிவிட்டு டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். (நடக்கவில்லை. ஆனால் என்ன பேசியிருப்பேன் என்பது மனப்பாடம்.)

முடிவு ஆ: நிலையத்துக்குத் தண்டனை கிடைத்தது. (இல்லை. இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தார் அலைவரிசையை வாங்கிக்கொண்டார்கள். நான் வேறு நிலையத்துக்குப் போய், கேடயம் வாங்கி, ஓய்வு பெற்றேன்.)

முடிவு இ: மருந்துக் கடையில் அது நடந்த மறுவாரம் அல்சீராவைத் தேடிப் போனேன். இது நடந்தது. அதே தெரு, அதே வீடு. எழுபத்து நாலு வயதிலும் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். என் முகம் அவருக்குத் தெரியவில்லை, குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார்.

"உக்காரு தம்பி. தண்ணி குடிக்கிறியா? இப்பப் பைப்புலயே வருது," என்று சிரித்தார். குடித்தேன்.

"உங்களைப் பத்திக் கதை எழுதறேம்மா. அனுமதி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"என் பேரு வருமா?"

"இல்லம்மா, அல்சீரான்னு மாத்திட்டேன். உங்க பாதுகாப்புக்காக."

"யாரு பாதுகாப்புக்கு?"

அவர் நூலைக் கோத்துக்கொண்டே பேசினார்.

"நாலு வருஷம் கழிச்சு வெளிய வந்தான் எம்புள்ள. மொதல்ல என்ன கேட்டான் தெரியுமா? 'ஏம்மா பொய் சொன்ன?' நான் அப்படிச் சொல்லலடான்னேன். 'ரேடியோல சொன்னாங்களேம்மா'ன்னான். தினம் அந்த ரேடியோவைக் கேட்டுத்தானே நான் உசுரோட இருக்கேன்னு நம்பினான், அவனை என்ன சொல்றது? இப்ப அவனுக்கு அம்பது ஆகப் போகுது. நல்லவன், மாசாமாசம் வந்து பாக்கறான். ஆனா நான் எது சொன்னாலும் 'நெசமாவா?'ன்னு ஒரு தடவை கேப்பான். அவனுக்கே தெரியாம கேப்பான். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது."

"மன்னிச்சிடுங்கம்மா."

"அது கெடக்கட்டும். பேரில்லாத கதை எனக்கு எதுக்குப்பா? யாரோ அல்சீராவாமே, அவளுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கறதுக்கா இம்புட்டு தூரம் வந்த?"

8

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். கேள்வியோடு முடித்தால் நன்றாக இருக்கும், எனக்கும் வசதி.

பெயரை ஏன் மாற்றினேன் என்று இப்போது தெரிகிறது. அனுப்பியவர், பெறுபவர் இருவரின் உண்மைப் பெயரும் வந்தால், வரிசைப்படி மூன்றாவதாக வாசித்தவன் பெயரும் வர வேண்டும். தப்பாக வாசித்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும். இத்தனை பக்கத்தில் என் பெயரை நீங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனே.

சரி. நேரம் பதினொன்று பத்து.

குவாஸ்மோவிலிருந்து எதெல்வினா தோமாலா, தன் மகன் ஒல்மேதோவுக்கு. அன்று தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. உங்கள் அம்மா அதை மட்டும்தான் சொன்னார். நிஜமாகத்தான்.

வாசித்தவர்: [          ]

இந்த இடத்தை இரண்டு முறை நிரப்பி, இரண்டு முறையும் அடித்துவிட்டேன். ஒல்மேதோ கதை படிக்கிற ஆள் இல்லை, காதில் விழுந்தால்தான் உண்டு. எனவே யாராவது மேலே உள்ளதைச் சத்தமாக வாசியுங்கள், பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள், கடைசியில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதும் இன்னொருவர் தலையில்தான் கட்டுகிறேன். தெரிகிறது.