கேட்க ஒன்றுமில்லாதவர்களுக்கு

இனயம் என்கிற கடற்கரை ஊர்க்காரர் செல்வதாஸ் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, உலகம் ஹலோ சொல்ல வழியில்லாமல் ஊமையாகிவிடும் என்றே நம்பினார். உலகம் அசையவில்லை. அந்தக் கோபத்தில் ஓர் இணைய மன்றத்துக்குள் புகுந்தார். கம்ப்யூட்டர் கோளாறுகளைத் தமிழில் கேட்டுப் பதில் வாங்குகிற மன்றம். நடத்தியவர் நாகர்கோவில் நாராயணபெருமாள், அவரும் ஓய்வுபெற்றவர்தான்.

2009-இல் அந்த மன்றம் கரையில் கொட்டிய மீன் மாதிரிக் கிடந்தது. பிரிண்டர், வைரஸ், தமிழ் எழுத்துரு எல்லாம் ஒரே குவியல். பதில் தேடி உள்ளே போன ஒருத்தர் பேரன் எடுத்துத்தான் வெளியே வந்தாராம். செல்வதாஸ் சத்தியம் செய்வார்.

"நீரே பிரிச்சு அடுக்கும் ஓய்," என்றார் நாராயணபெருமாள்.

செல்வதாஸ் பங்குக் கோயிலில் அன்பியங்கள் என்கிற தெருக் குழுக்களுக்குப் பெயர் வைக்கிறதுபோல, பிரிவுக்கொரு புனிதரை நியமித்தார். காணாமற்போன ஃபைல்களுக்கு அந்தோணியார். வைரஸுக்கு, கொள்ளைநோய் விரட்டும் செபஸ்தியார். எல்லாரும் கைவிட்ட கேஸ்களுக்கு யூதா ததேயு.

"மெட்ராஸ்காரன் உள்ள வந்தா மெழுகுதிரி எங்கன்னு கேப்பான் ஓய்!"

"கேக்கட்டும். கோளாறு தீருதா இல்லியா, அதச் சொல்லும்."

தீர்ந்தது. அதுதான் வினையாயிற்று.

செல்வதாஸின் மனைவி லீமா குவைத்தில் நர்ஸ். போனில் பேசினால் பின்னால் அறைத்தோழிகள் வரிசையில் நிற்பார்கள். "கேஸ் சிலிண்டர் வந்தா? மருந்து தின்னியளா?" என்பதோடு சரி. தனியாக மெயில் எழுதவோ, இந்த வயசில் காதல் கடிதமா என்று வெட்கம். மன்றத்துக்கு மட்டும் பிரிண்டர் பேரைச் சொல்லிக்கொண்டு வந்துவிடுவாள். பேப்பர் சிக்கியது ஒரு வரி; மிச்சமெல்லாம் மணல்காற்று, மார்க்கெட்டில் பார்த்த சாளை மீன், வீட்டுப் பலாமரத்தில் சக்க காய்த்ததா என்ற விசாரணை. செல்வதாஸ் பேப்பரை ஒரு வரியில் உருவிவிட்டு, சக்கயை யானைக்குட்டி அளவுக்கு வளர்த்து எழுதுவார்.

அடுக்கி முடித்தபின் லீமா வரவேயில்லை.

"ஏட்டி, கம்ப்யூட்டர் கேடாகல்லியா?" போனில் ஆசையோடு கேட்டார்.

"ஆவுது. கேக்கத்தான் வேண்டாம். நீங்க அடுக்கி வச்சதுல பதிலு சட்டுனு கெடைக்கு. கெட்டிக்காரருதான்!"

இவ்வளவு பெரிய பாராட்டை அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க வாங்கியதில்லை. எந்தப் பாராட்டும் இப்படி வலித்ததும் இல்லை.

மறுநாள் காலை பிரிண்டர் பதில்களை அள்ளிச் செபஸ்தியார் தலையில் கொட்டினார். எழுத்துருவை யூதா ததேயுவிடம் ஒளித்தார். துபாயிலிருந்து திருச்சிவரை ஒரே அலறல்.

"வைரஸுக்குள்ள பிரிண்டர் கெடக்கு! உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" போன் வழியாகவே கடித்துவிடுவார்போல இருந்தார் நாராயணபெருமாள்.

செல்வதாஸ் லீமாவைப் பற்றிச் சொன்னார். நாராயணபெருமாள் கடிக்கிறதை விட்டார்.

"மொதல்ல எல்லாத்தையும் திரும்ப அடுக்கும்வே. பெறவு உமக்கு ஒரு மூலை வச்சுக்கிடும்."

அடுக்கினார். எல்லாவற்றுக்கும் கீழே புனிதரே இல்லாத ஒரு பிரிவு திறந்தார்: 'கேட்க ஒன்றுமில்லாதவர்களுக்கு.' ஒரே விதி, இங்கே கேள்வி கேட்கக் கூடாது.

அது சும்மா கிடந்தது. திறந்து திறந்து பார்த்ததில் மவுஸ் பாதியாகத் தேய்ந்த பிறகு, ஒருநாள் லீமா வந்தாள்.

"கேள்வி கேக்கப்பிடாதாமே. சரி, கேக்கல்ல. சாளை வாங்கிப் புளிமுளம் கறி வச்சேன், ருசியில்ல. மே மாசம் லீவு இல்லன்னுட்டாங்க, இனி கிறிஸ்மஸுக்குத்தான். சக்க பழுத்தாச்சான்னு நான் கேக்கல்ல."

செல்வதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுதினார்: "பழுத்தாச்சு. குளச்சல்வரைக்கும் மணக்கு. ஒண்ண மட்டும் வெட்டல்ல. கிறிஸ்மஸ்வரைக்கும் மரத்துலயே நிக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கொஞ்ச நாளில் பாதி வளைகுடாவும் அந்த மூலையில் வந்து குந்திவிட்டது.

"கூட்டம் தாங்கல்ல ஓய்," என்றார் நாராயணபெருமாள். "ஊர்வாரியாப் பிரிச்சு அடுக்கும்."

"இதுல மட்டும் கை வைக்கப்பிடாது, கேட்டீரா?"

செல்வதாஸ் போனை வைத்துவிட்டு, அந்தக் குவியலுக்குள் லீமாவைத் தேட ஆரம்பித்தார்.