மந்திரி வேடக்காரன்

பாம்பன் தெற்குக் கரையில் வியாகுலத்தை மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். மாதாகோயில் திருவிழாவில் வருஷா வருஷம் போடும் பழைய ராசா நாடகத்தில் அவன்தான் மந்திரி. வெள்ளம் புரளும் ஆற்றைத் தாண்டிப் படை போகட்டும் என்று ராசா உத்தரவிடுவார். சபையில் எல்லோரும் ஆமாம் போடுவார்கள். மந்திரி மட்டும் எழுந்து, "வேண்டாம் மன்னா, ஆறு படையை விழுங்கிவிடும்" என்று பாடுவான். அவன் தலையை வெட்டச் சொல்லிவிட்டு ராசா படையை அனுப்புவார். படை திரும்பி வராது.

மந்திரி சாகும்போது முன்வரிசையில் இருக்கும் வள்ளச் சொந்தக்காரர் சம்மாட்டி மரியசெல்வம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கரையில் பாதிப் பேர் அவருடைய வள்ளங்களில்தான் தொழிலுக்குப் போனார்கள். ஐம்பத்தெட்டில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது அவரே தலைவரானார். "சபையில உண்மை பேச ஒரு ஆள் வேணும்ல" என்று வியாகுலத்தை உபதலைவராக்கிக்கொண்டார். ஊருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தக் கார்த்திகையில் மதராசிலிருந்து கட்சித் தலைவர் ஒருவர் ரயிலில் வருவதாக இருந்தது. ரயில் பாலத்தைக் கடக்கும்போது கீழே கொடி கட்டிய வள்ளங்கள் வரிசையாக நிற்க வேண்டும் என்று மரியசெல்வம் ஆசைப்பட்டார். வருகிறவரிடம் கரைக்கு ஒரு படகுத்துறை கேட்கலாம் என்பது அவர் கணக்கு.

ரயில் வரும் நாள் விடிந்தபோது வடகிழக்கு மூலை கருத்துக் கிடந்தது. வள்ளம் செலுத்துவதில் கெட்டிக்காரனான யேசுதாஸ் ஓடிவந்தான். வியாகுலத்தின் தங்கை அற்புதம்மாளின் புருஷன் அவன்.

"மச்சான், தண்ணி பாலத்துத் தூணப் பாத்து இழுக்குது. இன்னைக்கு அங்கன நிக்க ஏலாது. நீ சொன்னாத்தான் சம்மாட்டியார் கேப்பாரு."

இருவரும் போனார்கள். மரியசெல்வத்தைச் சுற்றி வெளுத்த சட்டைகளில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யேசுதாஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வியாகுலத்தைப் பார்த்தார்.

"நீ என்னலே சொல்ற? கொஞ்ச நேரம் நிக்க முடியாதா?"

வியாகுலம் அந்த முகங்களைப் பார்த்தான். எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. வேண்டாம் என்றால் அந்தச் சிரிப்பு என்னவாகும் என்று நினைத்தான்.

"நின்னுரலாம்ங்க" என்றான்.

யேசுதாஸ் கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினான்.

காற்று அதிகமானதால் ரயிலைப் பாலத்துக்கு அக்கரையில், மண்டபம் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். அது வள்ளத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. பாலத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வள்ளங்கள் தூணில் மோதி உடைந்தன. மூன்று பேர் கரைக்கு வரவில்லை. அவர்களில் யேசுதாஸைக் குந்துகால் பக்கம் கடல் ஒதுக்கியது. உடம்பில் கொடித்துணி சுற்றியிருந்தது.

"கடல் கேட்ட பலி, நாம என்ன செய்ய?" என்றார் மரியசெல்வம் கல்லறைத் தோட்டத்தில். எல்லோரும் தலையாட்டினார்கள். வியாகுலமும் ஆட்டினான்.

திருவிழாவுக்கு ஒத்திகை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் வியாகுலம் தன் பாட்டை எடுத்தான். "வேண்டாம் மன்னா" என்று குரல் உயர்ந்தபோது, ஓரத்தில் நின்றிருந்த அற்புதம்மாள் கேட்டாள்:

"ஏண்ணே, இந்தச் சத்தம் அன்னைக்கு எங்கன போச்சு?"

மத்தளம் நின்றது. அவனுக்கு அடுத்த அடி வரவில்லை. நாடகம் சொல்லிக்கொடுக்கும் அண்ணாவி வேதநாயகம் எழுந்துவந்து அவன் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

"இங்கன வெட்டுறது அட்டக் கத்திடா. அதான் நமக்கெல்லாம் தைரியமா வருது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

அந்த வருஷம் மந்திரி வேடத்தை வேறொருவன் கட்டினான். மரியசெல்வம் வழக்கம்போல் முன்வரிசையில் அழுதார்.

அடுத்த கார்த்திகையில் அக்கரையில் மண்டபம் ஊரில் கட்சிக் கூட்டம். ஆட்கள் வள்ளங்களிலேயே போய் இறங்கினால்தான் நம் கரையின் பலம் தெரியும் என்றார் மரியசெல்வம். அன்றும் வானம் மூடியிருந்தது. பஞ்சாயத்துக் கூடத்தில் எல்லோரும் சரி என்ற பிறகு வியாகுலம் எழுந்தான்.

"வேண்டாம்ங்க. போன வருசம் யேசுதாஸ் இதையேதான் சொன்னான். நான் நின்னுரலாம்னு சொல்லி மூணு பேரக் கொன்னேன். நீங்களும்தான் கொன்னீக."

மரியசெல்வம் மெதுவாகச் சிரித்தார். "இவன் இன்னும் வேசத்தக் கலைக்கல போலருக்கு." பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

வள்ளங்கள் போயின. கடல் குளம்போல் கிடந்தது. சாயங்காலம் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினார்கள். ஒருவன் வியாகுலத்தின் வீட்டு வாசலில் நின்று, "மந்திரி, படை வந்துருச்சு" என்று கத்திவிட்டுப் போனான்.

உபதலைவர் பதவி போயிற்று. எந்த வள்ளத்திலும் அவனை ஏற்றவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு உச்சிப்புளிப் பக்கம் ரோட்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஸ்டேஷனுக்கு அற்புதம்மாள் வந்தாள். அவன் அவளை எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு இன்னும் மனசு ஆறலண்ணே. ஆறாது" என்றாள். "ஆனா கூட்டத்துக்குப் போன அன்னைக்கு, நீ சொன்னதக் கேட்டு எம் மவன வள்ளத்துல ஏற விடல. கதவப் பூட்டி வச்சேன். ரெண்டு நாளு அவன் எங்கூடப் பேசல."

"கடல் ஒண்ணும் செய்யலையே, தாயீ."

"செய்யல" என்றாள் அவள். "செய்யாதுன்னு அன்னைக்கு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ரயில் வந்தது. அவன் ஏறியதும் அவள் நிற்கவில்லை. கருவாடு காயப்போட்டுவிட்டு வந்திருந்தாள். மேற்கே மேகம் திரண்டிருந்தது.